நாற்பத்தேழாம் துளையின் நான்காம் பெட்டி

கோர் கொட்டகையைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தபோது பெட்டியம்மா அழுவாள் என்று அலுவலகத்தில் நாலு பேர் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. எத்தனை நாளுக்குள், எந்த லாரி, எங்கே கொட்டுவது என்று மூன்று கேள்விகள் கேட்டாள். பிறகு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எதிர்பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கோர் என்பது கல். நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் யாரும் சுரங்கம் வெட்டுவதில்லை. பல் வைத்த இரும்புக் குழாயைச் சுழற்றிச் சுழற்றி இறக்கினால், உள்ளே சிக்கிய மண்ணும் கல்லும் மணிக்கட்டுத் தடிமனில் உருளை உருளையாக வெளியே வரும். அந்த உருளைகளை ஐந்து பள்ளம் உள்ள மரப்பெட்டியில் வரிசையாக அடுக்க வேண்டும். பள்ளத்துக்கு ஒரு மீட்டர், பெட்டிக்கு ஐந்து மீட்டர். புத்தகம் படிக்கிற மாதிரிதான் அடுக்குவது. மேல் வரிசையில் இடது மூலையில் இருப்பது நிலத்தில் மேலே இருந்தது, கீழ் வரிசையின் வலது மூலையில் இருப்பது ஆழத்தில் கிடந்தது. கல் உருண்டு திரும்பிவிடாதிருக்க நீளவாக்கில் இரண்டு கோடு இழுப்பார்கள். கல்லின் தலைப்பக்கத்தைப் பார்த்து நின்றால் வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் கறுப்பு. இந்த இரண்டு கோட்டை நம்பித்தான் அத்தனை பெரிய சுரங்கமும் தோண்டப்பட்டது.

பெட்டியம்மா இருபத்து நாலு வருஷமாக அந்தக் கோடு இழுத்தவள். கொட்டகையில் பன்னிரண்டாயிரம் பெட்டிகள் இருந்தன. எல்லாவற்றையும் நீட்டி வைத்தால் அறுபது கிலோமீட்டர் வரும் என்று யாரோ ஒரு பொறியாளர் கணக்குப் போட்டுச் சொன்னார். அப்படி நீட்டி வைத்து என்ன செய்யப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை. அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் பெட்டியம்மாதான்.

சுரங்கம் மூடப்படுகிறது. நாற்பது வருஷம் நிலக்கரி எடுத்தாகிவிட்டது. அதை வாங்கி எரித்துக்கொண்டிருந்த மின்நிலையம் போன வருஷமே அணைந்துவிட்டது. புகை போதும் என்று மேலே இருப்பவர்கள் ஒருவழியாக முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவுக்கு வருவதற்குள் இந்தப் பக்கத்து ஜன்னல் கம்பிகளில் எத்தனை தடவை கரி துடைத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. கொட்டகை காலியான பத்து நாளில் குழியின் பம்புகளை நிறுத்திவிடுவார்கள். குழியில் தண்ணீர் தானாக நிறைந்து ஏரியாகிவிடும். ஏரியைச் சுற்றி மரம் வைப்பதாக ஒரு வண்ணப்படமும் தயாராகி, அலுவலக வாசலில் தொங்கியது. படத்தில் இரண்டு பேர் படகில் போனார்கள்.

அவளுக்கான வேலை எளியது. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, கல்லின் மேல் தண்ணீர் தெளித்து, மேலிருந்து ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும். தண்ணீர் பட்டால்தான் தூசி போய் கல்லின் முகம் தெரியும். பிறகு பத்துத் துளைக்கு ஒரு துளையின் பெட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை லாரியில் ஏற்றி அதே குழியில் கொட்டிவிட வேண்டும். எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகிறது, நல்லதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எட்டு வாரம் இந்த வேலை நடந்தது. கடைசியில் மேற்கு மூலை ரேக் மட்டும் மிஞ்சியது.

நாற்பத்தேழாம் துளையின் நான்காம் பெட்டியை அவள் திறந்தது மதியம் இரண்டு மணிக்கு. மூடியில் அவளுடைய கையெழுத்தேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது, எழுத்தெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. பதினைந்து மீட்டர் முதல் இருபது மீட்டர் வரை. தண்ணீர் தெளித்தாள். மேல் இரண்டு வரிசை மணற்கல். அப்புறம் சாம்பல் நிறக் களிமண், நடுவில் அரை மீட்டர் நிலக்கரி, அதற்கும் கீழே மறுபடி களிமண். அரை மீட்டர் கரியை யாரும் சட்டை செய்வதில்லை. இவர்கள் தோண்டியது அறுபது மீட்டர் ஆழத்தில் கிடந்த பெரிய அடுக்கை.

கேமராவின் பொத்தானை அழுத்தப் போனவள் கையை எடுத்தாள். கரிக்குக் கீழே இருந்த களிமண்ணில் ஈரம் பட்டதும் ஒரு இலை தெரிந்தது. நடு நரம்பு, பக்க நரம்பு, விளிம்பில் ஒரு சின்னக் கிழிசல் உள்பட. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கரிக்கு மேலே இருந்த களிமண்ணில் வேர்கள் இருந்தன.

இருபத்து நாலு வருஷம் கல்லோடு உட்கார்ந்திருந்தால் யாரும் சொல்லித்தராமலே சில விஷயம் பிடிபட்டுவிடும். நிலக்கரி என்பது காடு. சேற்றுத் தண்ணீரில் நின்ற காடு. விழுந்த மரமும் கிளையும் காற்றுப் படாமல் தண்ணீரில் ஊறியே கிடந்ததால் மக்கிப்போகவில்லை. அதன்மேல் இன்னும் விழுந்தது, அப்புறம் வெள்ளம் வண்டல் கொண்டுவந்து மூடியது, மேலே மேலே பாரம் ஏறி அமுக்கியது, உள்ளே சூடு. பத்து மீட்டர் சருகு ஒரு மீட்டர் கரியானது. அதற்கு எத்தனை கோடி வருஷம் என்று படித்தவர்கள் சொல்வார்கள், பெட்டியம்மா எண்ணப் போனதில்லை. அந்தக் காடு அவ்வளவு காலமும் உள்ளே இழுத்துப் பிடித்து வைத்திருந்த மூச்சை இவர்கள் நாற்பது வருஷத்தில் வெளியே விட்டுவிட்டார்கள் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. ஆக, கரிக்குக் கீழே இருப்பது காடு வேர் விட்ட மண். மேலே இருப்பது கடைசி இலைகளை மூடிய வண்டல். ஆயிரக்கணக்கான பெட்டிகளில் அவள் பார்த்தது அதுதான். வேர் கீழே, இலை மேலே. இந்தப் பெட்டியில் மட்டும் வேர் மேலே இருந்தது. போதாக்குறைக்கு அந்த வேர்கள் மேல்நோக்கி மெலிந்து கிளைத்திருந்தன. ஆகாயத்துக்குள் வேர் விட்ட மரத்தை அவள் கேள்விப்பட்டதில்லை.

முதலில் கல்மேல் சந்தேகப்பட்டாள். தன் மேல் சந்தேகப்படுவதை விட அது சுலபம். பிறகு மூன்றாம் பெட்டியை இறக்கித் திறந்தாள். அதன் கடைசித் துண்டு சாம்பல் களிமண், உடைந்த முனை சாய்வாக, ஒரு ஓரத்தில் பல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து நான்காம் பெட்டியின் முதல் துண்டோடு பொருத்திப் பார்த்தாள். அது மணல், இது களிமண், ஒட்டவே இல்லை. நான்காம் பெட்டியின் கடைசித் துண்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். பல்லும் பள்ளமும் சத்தமில்லாமல் கூடிக்கொண்டன. நடுவில் நகம்கூட நுழையவில்லை.

பெட்டி முழுக்கத் தலைகீழ். அவள் அடுக்கியது.

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். துளை போடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் மேஜை. அன்றைக்குக் காற்று திசைமாறி வீசியது, இயந்திரத்தின் தூசி எல்லாம் அவள் முகத்துக்கே வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அவ்வளவுதான் செய்தாள். எதிர்ப்பக்கம் நின்றால் இடது வலதாகிவிடும், மேல் கீழாகிவிடும். பெட்டியையும் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த அவசரத்தில் அது தோன்றவில்லை. கோட்டையும் பெட்டி கிடந்த திசையை வைத்தே இழுத்தாள், சிவப்பு வலது, கறுப்பு இடது. தப்பு முழுசாகவும் ஒழுங்காகவும் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காற்று பழையபடி வீசியது, அவளும் பழைய இடத்துக்கே வந்துவிட்டாள்.

ஒரு பெட்டிதானே, ஐந்து மீட்டர்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் நாற்பத்தேழாம் துளை போட்டது மேற்குக் குடியிருப்பின் ஓரத்தில். அங்கே அவளுடைய அக்காவின் வீடு இருக்கிறது.

துளை போட்ட ஒன்றரை வருஷத்தில், குழி மேற்கே நீண்டு பெரிய பம்புகள் ஓடத் தொடங்கியதும், குடியிருப்பில் முப்பது வீட்டுக் கிணற்றிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் கீழே இறங்கி வற்றியது. சுரங்கம்தான் எங்கள் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று ஜனங்கள் மனு கொடுத்தார்கள். அலுவலகக் கூடத்தில் விசாரணை நடந்தது. பொறியாளர்கள் நாற்பத்தேழாம் துளையின் பதிவை விரித்துக் காட்டினார்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் இந்த மணலில் இருக்கிறது, அதற்குக் கீழே களிமண் இருக்கிறது, களிமண் தண்ணீரை விடாது, சுரங்கம் களிமண்ணுக்கும் கீழே, ஆகவே சம்பந்தமே இல்லை என்றார்கள். கூடத்தில் எழுந்து மறுத்துப் பேசியது ஒரே ஒருத்தி, பெட்டியம்மாவின் அக்கா.

"கிணறு தோண்டினப்போ மண் கூடையை மேலே இழுத்தவ நான்" என்றாள் அக்கா. "முதல்ல கறுப்பா வந்துச்சு. அதை உடைச்ச பிறகுதான் தண்ணி வந்துச்சு. நீங்க காட்டற காகிதத்துல தண்ணி மேலே, கறுப்பு கீழே இருக்கு. அது தப்பு."

ஒருவர் சிரித்தார். அப்புறம் இன்னும் இரண்டு பேர். விசாரணை அதிகாரி கிணற்றைத் தோண்டியவரையே கேட்டார். அவர் அக்காவின் கணவர். அத்தான் எழுந்து நின்று, "சரியா ஞாபகம் இல்லைங்க" என்றார். அடுத்து அதிகாரி பெட்டியம்மாவைக் கூப்பிட்டு, "அடுக்கினது நீங்கதானே, தப்பு நடக்க வாய்ப்பு இருக்கா?" என்றார்.

"இல்லைங்க" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லை எவ்வளவு மிடுக்காகச் சொன்னாள் என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசியது. கல் பொய் சொல்லாது, அக்காதான் குழப்பிக்கொண்டாள் என்று அப்போது அவள் மனசார நம்பினாள். அதற்குப் பிறகும் சகோதரிகள் பேசிக்கொண்டார்கள், நல்லது கெட்டதுக்குப் போய் வந்தார்கள். ஆனால் கிணறு என்ற சொல் இரண்டு வீட்டிலும் புழக்கத்திலிருந்து போய்விட்டது. குடியிருப்பில் மட்டும் அக்காவுக்கு 'கறுப்புத் தண்ணி' என்று ஒரு பட்டப்பெயர் கொஞ்ச காலம் ஓடியது.

நாலு மணிக்கு லாரி வரும். வைத்துக்கொள்ள வேண்டிய பட்டியலில் நாற்பத்தேழு இல்லை. பெட்டியை ஏற்றிவிட்டால் குழிக்குள் போய்விடும், மேலே தண்ணீர் நிறைந்துவிடும். புகைப்படம் ஒன்று இருக்கும், அதை ஒருவரும் திறந்து பார்க்கப் போவதில்லை. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். யோசித்தாள் என்று சொல்வதற்கில்லை, பயந்தாள். அடுத்த வாரம் அவளுக்கு ஒரு சால்வையும் பிழையற்ற பணி என்று எழுதிய சட்டமிட்ட பாராட்டும் தருவதாக இருந்தார்கள்.

லாரிக்காரர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். அவரும் மேற்குக் குடியிருப்பில் இருப்பவர்தான். பேச்சுக் கொடுக்காமல் ஒரு பெட்டி தூக்க மாட்டார்.

"உங்க அக்கா வீட்ல கிணறு தூர் வார்றாங்களே, தெரியுமா?" என்றார். "பம்பை நிறுத்தினா தண்ணி திரும்ப வரும், ஒரு வாரத்துல குடிக்கலாம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காங்க. அவங்களைப் பார்த்து இன்னும் நாலஞ்சு வீட்லயும் ஆரம்பிச்சுட்டாங்க."

பெட்டியம்மா எழுந்து நின்றாள். பம்பை நிறுத்தினால் குழியில் நிறையப்போகும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கரியோடு கூடவே கந்தகமும் இரும்பும் கலந்த மஞ்சள் பொட்டுகள் உண்டு, மண்ணுக்குள் இருக்கும்வரை சாதுவாக இருக்கும். காற்றும் நீரும் பட்டால் புளிக்கத் தொடங்கிவிடும். துருப்பிடித்த நிறத்தில், நாக்கில் வைத்தால் கூசுகிற தண்ணீர். பழைய பதிவு சரியென்றால் அந்தத் தண்ணீரைக் களிமண் தடுத்துவிடும். பதிவு தலைகீழ் என்றால் கிணற்றுக்கும் குழிக்கும் நடுவில் வெறும் மணல்தான். அக்கா சொன்னபடியே தண்ணீர் திரும்ப வரும். வந்ததும் முதல் சொம்பை அவளே குடிப்பாள்.

"இந்தப் பெட்டியைத் தொடாதீங்க, அண்ணே" என்றாள். "இது போகலை."

சுரங்கத்தை மூடுவதற்காக மேலிடம் அனுப்பிய அதிகாரியை எல்லாரும் பூட்டு சார் என்றுதான் சொன்னார்கள். இதற்கு முன்னால் ஆறு சுரங்கங்களை மூடியவர். கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். அவரைக் கொட்டகைக்கு அழைத்து வந்து, இலையையும் வேரையும் காட்டி, இரண்டு துண்டையும் கையில் கொடுத்தாள். அவர் பொருத்திப் பார்த்தார், பிரித்தார், மறுபடி பொருத்தினார். மூன்றாவது தடவை பொருத்திவிட்டு அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"ஆமா சார்."

"பத்து நாள்ல பம்பை நிறுத்தறதா மேலே எழுதியாச்சு."

"தெரியும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஒன்றும் அழுக்காக இல்லை. "புதுசா ரெண்டு துளை போட்டுப் பார்க்கணும். அதுவரைக்கும் பம்பு ஓடட்டும். நான் இன்னைக்கே எழுதறேன். குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணி நிரந்தரமா வேணும்னும் எழுதறேன், கேப்பாங்களான்னு சத்தியம் பண்ண முடியாது." கொஞ்சம் தயங்கினார். "பழைய பதிவுல பிழைன்னு மட்டும் போடறேன். யாரு, எப்படின்னு வேண்டாம். அதுக்கு அவசியமும் இல்லை."

"பேரைப் போடுங்க சார்" என்றாள் பெட்டியம்மா. "மூடியில என் கையெழுத்துதான் இருக்கு. அன்னைக்கு வாய்ப்பே இல்லைன்னு சொன்னதும் நான்தான்."

மறுநாள் காலை விடுப்புப் போட்டுவிட்டு மேற்குக் குடியிருப்புக்குப் போனாள். இருபது நிமிஷ நடை. ஒவ்வொரு அடியிலும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து, அடுத்த அடியில் அதை அழித்தாள். வீட்டுக்குப் பின்புறம் ஈர மண் குவியலாகக் கிடந்தது. இரண்டு ஆள் கிணற்றுக்குள் இருக்க, அக்கா மேலே நின்று கயிற்றைப் பிடித்தபடி அவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள். கை முழங்கை வரை சேறு.

"அடடே, சின்னவளா? இன்னைக்கு மழை கொட்டப்போகுது" என்றாள் அக்கா.

"அக்கா, வேலையை நிறுத்தச் சொல்லு."

"ஏன்? தண்ணி வராதுன்னு உன் காகிதத்துல போட்டிருக்கா?"

"வரும். அதனாலதான் நிறுத்தச் சொல்றேன்."

அக்கா கயிற்றைக் கட்டையில் சுற்றினாள். கீழே இருந்தவர்களை ஏறி வரச் சொல்லி, டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று தெருவுக்கு அனுப்பினாள். பெட்டியம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காற்று, மேஜை, எதிர்ப்பக்கம், இலை, வேர், பல்லும் பள்ளமும். தயார் செய்த வாக்கியம் ஒன்றும் உதவவில்லை. குழித் தண்ணீர் புளிக்கும், அது மணல் வழியாக நேராக இங்கே வந்துவிடும், குடிக்கக்கூடாது, பயிருக்குக்கூட விடக்கூடாது என்றாள். கடைசியில், "நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு. அத்தனை பேரையும் உன்னைப் பார்த்துச் சிரிக்க வச்சுட்டேன்" என்றாள். அழக்கூடாது என்று வந்தவள் அங்கே அழுதுவிட்டாள்.

அக்கா அவளை அணைக்கவில்லை, திட்டவும் இல்லை. கையிலிருந்த சேற்றை ஒரு குச்சியால் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றே?" என்றாள். "நான் சரின்னு எனக்குத்தான் எப்பவும் தெரியுமே. உள்ளே இருக்கார் பாரு உங்க அத்தான், அவர்கிட்ட போய்ச் சொல்லு. தோண்டின மனுஷனே ஞாபகம் இல்லைன்னாரே. ஊர் சிரிச்சது எனக்கு ஒரு வருஷத்துல மறந்து போச்சு. அது மறக்கலை."

அத்தான் முன்னறையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முட்டி தேய்ந்துபோனதிலிருந்து உட்கார்ந்து செய்யும் வேலையெல்லாம் அவருடையது. தோலை ஒரு தட்டில், பல்லை ஒரு கிண்ணத்தில் என்று எதையும் கலக்காமல் செய்வார். பெட்டியம்மா எதிரே உட்கார்ந்து இரண்டாம் தடவையாகச் சொன்னாள். இந்தத் தடவை சுருக்கமாக வந்தது. அவர் உரிப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"நீ எந்தப் பக்கம் நின்னேன்னு எனக்குத் தெரியாது, அம்மா" என்றார் முடிவில். "ஆனா அந்தக் காகிதம் தப்புன்னு அன்னைக்கே தெரியும்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"அந்தக் கறுப்பை உடைச்சது இந்தக் கை" என்றார் அத்தான். "ரெண்டு கடப்பாரை மொக்கையாச்சு. மூணாம் நாள் காலையில விரிசல்ல இருந்து தண்ணி பீச்சி என் முகத்துல அடிச்சுது. அது மறக்குமா?"

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "உங்க அப்பா போய்ச் சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்துச்சு. உன் ஒரு சம்பளத்துல உங்க அம்மாவும் தம்பியும் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. நீ சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகலை. தோண்டினவன் நானே கறுப்பு மேலேன்னு சொன்னா, நீ போட்ட கோடு பொய்னு ஆயிடும். அடுத்த நாள் உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. தண்ணி எங்கேயாவது கிடைச்சுடும், உனக்கு வேலை கிடைக்காதுன்னு நினைச்சேன். முப்பது வீடும் வண்டித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கும்னு அப்போ எனக்குத் தோணலை. தோணின பிறகு, சொல்ற நேரம் தாண்டிப் போச்சு."

அன்று அவர் வாயைத் திறந்திருந்தால் யாராவது அந்தப் பெட்டியைத் திறந்திருப்பார்கள். வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். கிணறுகள் மிஞ்சியிருக்கலாம். அவளுக்காகத்தான் செய்தார் என்பதை நினைத்தபோது நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்குத் தனக்கு உரிமை இல்லை என்றும் தெரிந்தது.

"அக்காகிட்டயாவது சொல்லியிருக்கலாமே, அத்தான்."

"சொன்னா அவ சும்மா இருப்பாளா? என்னையும் இழுத்துட்டு நேரா ஆபீஸ் வாசல்ல போய் நின்னிருப்பா. உனக்குத் தெரியாததா?"

அது உண்மைதான். பெட்டியம்மா தலையை நிமிர்த்தியபோது, பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சேறு காய்ந்து கையில் வெள்ளையாக வெடித்திருந்தது. அத்தானும் பார்த்துவிட்டார். எழுந்திருக்க முயன்று, முட்டி ஒத்துழைக்காமல், பாதியில் உட்கார்ந்தார். கிண்ணம் சாய்ந்து பூண்டுப் பற்கள் தரையில் உருண்டன, யாரும் குனிந்து பொறுக்கவில்லை.

அக்கா கணவரைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், மறுபடி கணவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் தெரியுமா?" என்றாள். "ஒருவேளை நான்தான் தப்பா பார்த்திருப்பேனோன்னு எத்தனை தடவை நினைச்சிருக்கேன் தெரியுமா? எனக்குத் தெரியும் தெரியும்னு வாய்தான் சொல்லும். யாரும் இல்லாதப்போ அந்தக் கிணத்தை எட்டிப் பார்த்து, கறுப்பு எங்கே இருந்துச்சுன்னு எனக்கு நானே கேட்டுட்டு இருப்பேன். இந்த வீட்லயே ஒருத்தருக்குத் தெரியும்னு தெரிஞ்சிருந்தா, அது ஒண்ணு போதுமே எனக்கு."

அவள் குரலை உயர்த்தவில்லை. அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெட்டியம்மா எழுந்து போய் அக்காவின் பக்கத்தில் நின்றாள், தொடுவதற்குத் தைரியம் வரவில்லை. தெருவில் டீ குடிக்கப் போன ஆட்கள் திரும்பி வந்து, வேலையைத் தொடரலாமா என்று வாசலில் நின்று கேட்டார்கள்.